வெட்டுமுகம், அளவு 1 : 20

ஊரின் பெயரை நாங்கள் தூண் என்றே எழுதுகிறோம்.
எதையும் தாங்காத தூண்.
அதன் ஆற்றுக்கு ஆரே என்று பெயர், சின்ன ர போட்டு.

ஆஸ்பத்திரிக் குசினியில் பத்தொன்பது வருடம்
சட்டி கழுவிய மனிதர் மாசியில் போனார்.
பாத்திரச்சாமி.
பேசமாட்டார். வேலை முடிந்ததும்
கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில்
சம்மணமிட்டு இருப்பார்.
வயிற்றுவலி தீர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள்.
எனக்கு எதுவும் தீரவில்லை.
நான் கட்டடப்படம் வரைகிறவள்.

சமாதி வேண்டுமென்று வந்த ஐந்து பேரில்
நகுலாம்பிகை அக்காவுக்குத்தான் கணக்குத் தெரியும்:
ஒன்பது சாண் ஆழம், முக்கோணக் குழி,
இருந்த கோலம்,
நீறு, உப்பு, கற்பூரம், மேலே இலிங்கம்.
ஆருடைய சாண் என்று கேட்டேன்.
அக்கா தன் கையை மேசையில் விரித்தார்.
இருபத்தொரு சென்ரிமீற்றர்.

நகரசபைப் படிவத்தில் ஒரு கேள்வி,
கட்டடத்தின் பயன்பாடு:
வசிப்பு, களஞ்சியம், தொழுவம், ஏனையவை.
தவச்செல்வம் வசிப்பு என்று புள்ளடி போட்டார்.
நான் அழித்து ஏனையவை ஆக்கினேன்.

சட்டம் இப்படி.
சாம்பலென்றால் எங்கும் வைக்கலாம்.
உடலென்றால் இடுகாடு, பெட்டி, மல்லாந்த கிடை,
இருபது வருடம். பிறகு கல்லைக் கழற்றிவிடுவார்கள்.
எரித்தால் அவர் எங்களோடு.
ஆனால் உள்ளுக்குள் எரிந்து முடிந்தவரை
இன்னொருதரம் எரிப்பதா?
இரண்டு இரவு சத்தம். தேத்தண்ணி ஆடை கட்டியது.
மூன்றாம் நாள் அவரைக் கிடத்தினோம்,
பதினான்காம் வரிசையில்,
ஒரு தபால்காரருக்கும் பியானோ ஆசிரியைக்கும் நடுவில்.
இருந்தே பழகிய முதுகு முதன்முறையாக நீண்டது.

ஆகவே நான் வரைந்தது ஆளில்லாத குழிக்கு.

உபபீடம். ஜகதி. உருண்ட குமுதம். கண்டம். பட்டிகை.
வாய்விட்டுச் சொல்லியபடி கோடிழுத்தேன்,
நான் படித்த பள்ளியில் எவரும் உச்சரிக்காத சொற்கள்.
பொறியாளர் லூத்தி குமுதத்தில் பென்சிலை வைத்து
இது எதற்கு, சுமையே இல்லையே, என்றார்.
கண்ணுக்கு, என்றேன். ஏற்றுக்கொண்டார்.
அத்திவாரம் எண்பது சென்ரிமீற்றர், உறைபனி எட்டாத ஆழம்.
சாமியின் இடம் அதற்கும் கீழே.

ஆள் இல்லாவிட்டாலும் உப்பு வேண்டும் என்றார் அக்கா.
லூத்தி நெற்றியைத் தேய்த்தார்.
உப்பு கம்பியைத் தின்னும்,
பத்து வருடத்தில் கொங்கிறீற் வெடிக்கும்,
இரும்பே கூடாது, வெறும் கல், வெறும் சுண்ணாம்பு.
அதைத்தானே நானும் சொன்னேன் என்றார் அக்கா, தமிழில்.

பேர்ன் மணற்கல், மழைநாளில் பச்சை.
தெருப்பனியில் தூவுகிற உப்பு,
இருபத்தைந்து கிலோ மூடை, பன்னிரண்டு.

கண்ணுக்குத் தெரியாததைப் புள்ளிக்கோட்டால் காட்டுவது
எங்கள் வழக்கம்.
குழிக்குள் ஒருவரைப் புள்ளிகளால் இருத்தினேன்.
இது என்ன, குழாயா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.
ஓம் என்றேன்.

மூன்றாம் பனிக்காலம் கழிந்து பார்க்கப் போனோம்.
குமுதத்தில் உப்புப் பூத்திருந்தது,
கல்லின் மூட்டுகள் வழியே,
மூன்று வெள்ளைக் கோடுகள்.
என் தொழிலில் இதற்குக் குறைபாடு என்று பெயர்.
பக்கத்துக் காணியின் செவலைப் பசு
வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி
பட்டிகையை நக்கிக்கொண்டிருந்தது,
மணி அசைய, அவசரமில்லாமல்.

பசு பால் சொரிந்த இடத்தில் சாமி கிடைத்த கதை
எங்களிடம் ஊருக்கு ஒன்று உண்டு.
இது கொடுக்கிற பசு அல்ல, வாங்குகிற பசு.
அக்கா அதற்கும் கும்பிட்டார்.
ஈரம் அளக்கும் கருவி என் பையிலேயே இருந்தது.

லூத்திக்கு அனுப்பிய குறைப்பட்டியலில்
கதவுப் பிணைச்சல் ஒன்று, பீலி ஒன்று என்று எழுதி
மூன்றாம் இலக்கத்தைப் போட்டு
வெறுமையாக விட்டேன்.