பென்சில் குறிகள்

சாவி தந்த அன்று பில்டர் ஒரு டஜன் லட்டு தந்தார்.
பெட்டியில் பதினொன்றுதான் இருந்தது.
மாதேஷ் சிரித்தான். நான் எண்ணியது அவனுக்குத் தெரியும்.

பதினாலு வருஷமாய் ஓசூர் சிப்காட்டில்
கியர் பற்களுக்கு வெர்னியர் வைத்துப் பார்ப்பவள்.
மயிரிழை பிசகினால் சிவப்புத் தட்டு.
அதே கையோடு பாகலூர் ரோட்டு வீட்டுக்கு வந்தேன்,
காதில் செருகிய பென்சிலோடு.

ஐந்து ரூபாய் நாணயத்தால் தரையைத் தட்டினேன்.
படுக்கையறையில் நாலு டைல்ஸ்
பழுத்த பலாப்பழம் மாதிரிப் பேசின. குறி.
ஜன்னல் கொக்கி துளைக்கு எட்டவில்லை. குறி.
சுவிட்ச் போர்டு சுவரோடு கோபித்துக்கொண்டு
ஒரு பக்கம் விலகி நின்றது. குறி.
சமையல் மேடைக்கு மங்கிய கல், ஓரமெல்லாம் சில்லு.
இந்த ஜில்லாக் கருங்கல்
நான் பஸ்ஸுக்கு நிற்கும் ஹைவேயில்தான்
லாரி லாரியாய்த் துறைமுகம் போகிறது,
எந்த ஊரில் யார் வெங்காயம் நறுக்கவோ.

நாற்பத்தோரு குறி.
வீடு முழுக்கக் கட்டெறும்பு ஏறினது போல் ஆனது.

கடைசியாய்க் கதவு.
உள்ளறைக் கதவைத் தட்டினால்
உள்ளே யாரும் இல்லை;
அறைக்குள்ளே அல்ல, கதவுக்குள்ளே.
அட்டையும் காற்றும், மேலே தேக்கு வேஷம்.
"இதை மாத்தாம குடிவர மாட்டேன்" என்றேன்.
வந்தேன். வாடகை வீட்டுக்காரர் சாவி கேட்டுவிட்டார்.

தளியிலிருந்து கெம்பராஜ் வந்தார், பிளம்பர்.
"எந்தக் கம்பெனி குழாய் போட்டாலும்
எண்ணூறு அடித் தண்ணி
ஆறே மாசத்துல சுண்ணாம்பு பூசிடும்க்கா.
அப்புறம் பித்தளையும் ஒண்ணுதான், பிளாஸ்டிக்கும் ஒண்ணுதான்."
சொல்லிவிட்டுப் பித்தளைக்கே விலை சொன்னார்.

மொத்தம் மூன்று லட்சத்து எழுபதாயிரம்.
தவணை போக எங்களிடம் மிஞ்சுவது
நித்திலாவின் பள்ளி வேன், மாமியாரின் மாத்திரை,
பிறகு ஒரு சின்னப் பெருமூச்சு.

மூன்றாம் ராத்திரி.
நான் உள்ளே, அவன் ஹாலில்.
கதவு சாத்தியிருந்தது.
சாத்தியிருந்தது என்பது ஒரு பேச்சுக்கு.

"முனிரத்னம், சீட்டை இந்த மாசமே நான் எடுத்துக்கறேன்.
தள்ளு எவ்வளவு போனாலும் சரி.
இல்லப்பா, வண்டிக்கு இல்ல.
கதவு.
ஆமா, கதவுதான். அவளுக்குப் பிடிக்கல."

குரலைத் தாழ்த்தினான்.
தாழ்த்தியதும் கேட்டது.
பிறகு தண்ணீர் குடித்தான், அந்த மடக்கும் கேட்டது.

எழுந்து போய்ப் பேசியிருக்கலாம்.
உள்ளங்கையை அந்த அட்டைமேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
தேக்காய் இருந்திருந்தால்
ஆசாரி வந்து அளவெடுக்கும் காலையில்தான்
எனக்கு விஷயமே தெரிந்திருக்கும்.

எங்கள் ஆய்வு மேஜையில்
பச்சைத் தட்டு, சிவப்புத் தட்டு தவிர
மஞ்சள் என்று ஒன்று உண்டு.
அளவு தப்புதான், ஆனாலும் ஓடும் என்று
யாராவது பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
நாளை உடைந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.
இத்தனை வருஷத்தில் நான் போட்டது இரண்டே தரம்.

ஞாயிற்றுக்கிழமை ரப்பரோடு கிளம்பினேன்.
சுவிட்ச் போர்டு குறி நிற்கட்டும்;
உள்ளே எர்த் கம்பியே இல்லை, அதில் சமரசம் கிடையாது.
அடுப்படிக் குழாய், அதுவும் நிற்கட்டும்.
பலாப்பழ டைல்ஸ் மேல் கட்டிலை இழுத்துப் போட்டோம்.
மேடைக் கல் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை,
பார்க்கும்போதெல்லாம் எரிகிறது.
கதவில் இருந்ததை அழித்தேன்.

"என்ன, பிடிச்சுப்போச்சா?" என்றான்.
"பிடிக்கல. இருக்கட்டும்.
முனிரத்னத்துக்கு ஒரு போன் போட்டுடு."
அவன் என்னைப் பார்த்தான், பிறகு கதவை.

ரப்பர் தேய்த்த இடத்திலெல்லாம்
பெயிண்டும் சேர்ந்தே வந்திருந்தது,
சுவர் முழுக்கக் கட்டைவிரல் அகலத்துக்கு
வெள்ளை வெள்ளையாய்.

பென்சிலை எடுத்தேன்.