கச்சான்

முதலில் யன்னல்.
கொக்கி இரண்டையும் போட்டு ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன்.
கதவின் அடி இடுக்கில் பழைய துவாய்,
குளியலறைத் துவாரத்துக்குத் தக்கை,
அலுமாரிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு விரல் இருட்டில்
கசக்கிய பேப்பர்.
பிறகு கை.
மணமில்லாத சவர்க்காரம், மூன்று தரம்.
திருகோணமலையில் மீன் மணக்காத கை எது?
பஸ் கம்பியில் பாரை,
இருபது ரூபாய்த் தாளில் சூடை.
அதற்கோ கண்ணைவிட நாக்குத்தான் நம்பிக்கை;
இரை மணக்கும் விரலை
இரை என்றே எடுத்துக்கொள்ளும்.
பிழை அதன்மேல் இல்லை.

துறைமுக வாசலில் பச்சைத் திரைக்குப் பின்னால்
பெண்களைத் தடவிச் சோதிப்பது என் உத்தியோகம்.
பதினாறு வருடம்.

பாய்க்கப்பலில் வந்த யாரோ ஒருவன்
பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை விட்டுப்போனான்.
மூடி திறந்ததும்
ஆம்பிளைகள் நாலுபேர் மேசையில் ஏறினார்கள்.
நௌஸாத் சேர் படிவத்தில் எழுதினார்:
'உயிருள்ள பொருள். எண்ணிக்கை ஒன்று. நஞ்சில்லையாம்.'
வனசீவராசிகள் திணைக்களத்தின் கடிதம் வரும்வரை
ஆரேன் வைத்திருக்க வேணும்.
எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

பதின்மூன்று மாதமாகிறது.

கச்சான் காற்று புழுதி வாரிய ஆனியில் வந்தது;
வறுத்த கச்சான் கோதின் நிறம்.
பெயருக்கு நான் அலையவில்லை.

மேலிருந்து கை போகக்கூடாது.
மேலிருந்து வருவதெல்லாம் பருந்து.
பக்கத்தால், தாழ்வாக,
நடு உடம்பின் அடியில் ஒரு கை,
வாலுக்குக் கிட்ட மற்றது.
இறுக்கினால் பயப்படும், விட்டால் விழும்.
மரக்கொப்பாய் இருந்தால் போதும்;
கொப்பு யாரையும் பிடிப்பதில்லை.
தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கமாட்டேன், கக்கிவிடும்.
கண் பால்நீலமாய் மங்கினால்
தோல் கழரும்வரை அதற்கு லீவு.
அப்படியொரு லீவு
எங்கள் படிவங்களில் இல்லை.

போன வியாழன் பின்னேரம் கரண்ட் இல்லை.
பாயில் சப்பாணி கட்டி இருந்தேன்,
விழுந்தாலும் ஒரு சாண்தான் உயரம்.
வெளியே செவ்வந்தி தட்டினாள்:
'என்னக்கா, பட்டப்பகலில பூட்டிக்கொண்டு?'
'கச்சான் வெளியில நிக்குது, பிறகு வா.'
'ஓமக்கா, இண்டைக்குச் சரியான காத்துத்தான்.'
சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பினேன்.
அதுதான் பிழை.

கச்சான் தோளேறி, கொண்டை ஏறி,
இன்னும் உயரம் தேடி நீண்ட நேரம்
உவர்மலை முழுக்கக் கரண்ட் வந்தது.
சுவிட்சை நான் நிறுத்தியிருக்கவில்லை.
விசிறி முதலில் சோம்பலாய் ஒரு சுற்று.
உதறாதே, உதறாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
முழங்கால் மடித்து, மெதுவாய், மெதுவாய் இறங்கினேன்.
இறங்கும்போது என் கை
அதன் தலைக்குமேல் கூரையாய்ப் போயிருந்தது.
மேலிருந்து.
கடிக்கவில்லை.
மணிக்கட்டைச் சுற்றி இறுகியது,
பிரஷர் பார்க்கும் பட்டிபோல.
முழங்காலால் நகர்ந்து
விளக்குமாற்றுக் காம்பால் சுவிட்சைத் தட்டினேன்.
அதற்குப் பிறகும் வெகுநேரம்
அது அவிழவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளி காலை வரிசையில் முதலாவது,
கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்த புதுப்பிள்ளை.
தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.
உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினேன்.
'பக்கத்தால தொடங்கிறன் தங்கச்சி. வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்.'
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வசனம்.
பின்னால் நின்றவர்கள் நேரமாகிறதென்று முணுமுணுத்தார்கள்.
நேரமாகியதுதான்.

பின்னேரம் பெட்டியில் விட்டு
கொளுக்கி இரண்டும் 'டக்' என்றதா என்று
மூன்றாம் தரமும் பார்க்கும்போதுதான்
வாசல்படியில் காற்று புரட்டிய
தபால் துண்டைக் கண்டேன்.
கடிதம் ஒன்று வந்ததாம்,
கதவடியால் தள்ளப் பார்த்தாராம்,
ஏதோ தடுத்ததாம்.
திங்கட்கிழமை தபாற்கந்தோருக்கு வரட்டாம்.

துவாயை எடுத்து உதறி
அங்கேயே திரும்ப வைத்தேன்.