ஒரு சொட்டு

மொட்டைமாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சு அடித்து
ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.
"பிள்ளைக எத்தன பேரு வேணாலும் வரட்டும்,
அழகர் ஆத்துல எறங்குறத மேல நின்னு பாக்கட்டும்.
ஒரு சொட்டு விழக் கூடாது தாயி" என்றார்
கீழ்வீட்டு ஓனர் தெய்வசிகாமணி.
சொட்டு எவ்வளவு என்பதற்கு
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

ஆழ்வார்புரத்தில் எங்கள் மாடியிலிருந்து
இரண்டு தென்னைக்கும் ஒரு செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
வைகை ஒரு முழம் தெரியும்.
அந்த ஒரு முழத்துக்காகப் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள்.
முழுப்பரீட்சை முடிந்த கைகள்,
சட்டையைத் தவிர வேறெதிலும் துடைத்து அறியாதவை.

முதலில் ஜிகர்தண்டாவை அடித்தேன்.
பிறகு மாம்பழம்:
அதைத் தின்ற பிள்ளையைத் துடைக்க முடியாது, குளிப்பாட்டத்தான் வேண்டும்.
நுங்கு பட்ட துணி ஆயுளுக்கும் காட்டிக் கொடுக்கும்.
சேமியா ஐஸ், பேச்சே இல்லை.
பானகம் வேண்டுமென்றால் தெருமுனைப் பந்தலில் குடித்து
வாய் கழுவிவிட்டு ஏறட்டும்.

மிஞ்சியது சிறுமலை வாழை. உறையோடு பிறந்தது.
வெள்ளரிப் பிஞ்சை நீளவாக்கில் கீறி
மிளகாய்ப்பொடி கேட்பவனுக்கும் உப்பு மட்டும்.
பொரி, பொட்டுக்கடலை, பல்லுப் பல்லாய் நறுக்கிய தேங்காய்.
கையில் ஒட்டாத கடலை மிட்டாய், வில்லை வில்லையாக.
முறுக்கு உதிரும்; எறும்பு வந்துவிடும்.

பொட்டலத்துக்குப் போன வருடத் தினசரி காலண்டர்.
லேபில் ரத்தப் பரிசோதனைக்கு ரசீது போட்டுவிட்டு வந்து
ராத்திரி உட்கார்ந்து சுருட்டினேன்.
ஒரு நாளைச் சுருட்டினால்
ஒரு பிள்ளையின் கைப்பிடிப் பொரி கொள்கிறது.
கார்த்திகை மாதம் முழுக்கத் தீர்ந்தது.

விடிய நாலு மணிக்கு ஏறினார்கள்.
சோலைமலைக்கு முந்தாநாள்தான் மொட்டை,
தலை நிறையச் சந்தனம்.
"சுவரில சாயாதே" என்று துண்டைக் கட்டிவிட்டேன்.
தமீம் தன் பொட்டலத்தின் பலனைச் சத்தமாக வாசித்தான்:
"கன்னி, விரயம்."
வாசித்துவிட்டு ஒரு பொரி சிந்தாமல் தின்றான்.

அழகர் என்ன பட்டு என்று பந்தயம்.
ஏழு பேர் பச்சை, மூன்று பேர் சிவப்பு,
மேலூரிலிருந்து வந்த நாச்சி மட்டும் ஊதா.
"ஊதாவெல்லாம் கட்ட மாட்டாருடி."
"கட்டுவாரு."
ஆளுக்கொரு மிட்டாயை நடுவில் வைத்தார்கள்.
நாச்சி தன் பங்கை வைக்கும் முன்
ஓரத்தை ஒரு கடி கடித்தாள்.

வெள்ளைத் தரையில் ஒரு சிவப்பு.
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

அவள் அழவில்லை. உள்ளங்கையில் பல்லைப் பார்த்தாள்.
அழுதிருக்க வேண்டியது நான்.
தெய்வசிகாமணி லுங்கியை மடித்துக்கொண்டு குந்தினார்,
சொட்டைப் பார்த்தார், பிள்ளையின் வாயைப் பார்த்தார்.
"மேல் பல்லா, கீழ் பல்லா?"
"கீழ்."
"அப்பக் கூரை மேல வீசணும்."

நாங்கள் நின்றுகொண்டிருந்ததே கூரை.

கொஞ்ச நேரம் யாருக்கும் வழி தெரியவில்லை.
பிறகு அவரே மாடிப்படி அறையின் தலையைக் காட்டினார்.
சாணிக்கு எங்கே போவது?
வாழைத்தோலில் வைத்துச் சுருட்டினோம்.
நாச்சி வீசினாள், உருண்டு காலடிக்கே வந்தது.
தமீம் வீசினான், தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பியது.
மூன்றாவது முறை ஓனரே
பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.
எல்லோரும் அண்ணாந்தோம்.
நின்றது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால்
ஆறு முழுக்கக் "கோவிந்தா" என்றது.
திரும்புவதற்குள் அந்த ஒரு முழத்தில்
தலைகள், தண்ணீர் பீய்ச்சும் வெளிச்சம்,
நகர்ந்துபோன ஒரு குடையின் விளிம்பு.

"என்ன பட்டு?"
"பாத்தியா?"
"நீ பாத்தியா?"

பதினொரு மிட்டாயும் நடுவில் கிடந்தன.
நாச்சி உட்கார்ந்து
மறுபக்கப் பல்லால் முதலாவதைக் கடித்தாள்.