திருப்பி வாங்கும் கவுண்ட்டர்

ஜனவரி இரண்டு.
லூப்ளினில் பனி பூட்ஸுக்கு மேல்.
கிறிஸ்துமஸ் மரத்தடியில் கிடந்ததெல்லாம்
ரசீதோடு என் மேசைக்கு வருகிறது.

காரணம் எழுதும் கட்டம் சுண்டுவிரல் நீளம்.
உடைந்தது. ஓடவில்லை. ஏற்கெனவே உண்டு.
இந்த மூன்றுக்குள் அடங்காதவர்கள்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்,
மருந்துக் கடையில் நிற்பதுபோல.

மஞ்சள் மண்வாரி வண்டியோடு ஒருத்தி.
"அயர்லாந்திலிருந்து மாமா அனுப்பச் சொன்னது.
எங்களுக்குப் பிறந்தது பெண் என்பதை
மறந்தே போனார் மனுஷன்."
சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.
வண்டியின் வாய்க்குள்
பூந்தொட்டி மண், காய்ந்து,
ஒரு வேர்நுனியோடு.
ஓடவில்லை என்று எழுத முடியாது.
நன்றாகவே ஓடியிருக்கிறது.

எனக்கு முப்பத்தொன்பது.
வீட்டில் பியூஸ் போனால் அண்ணனுக்குப் போன் செய்வேன்.
முட்டை அவிய எத்தனை நிமிடம் என்று
அவன் எனக்குப் போன் செய்வான்.
ஒரே அறையில் வளர்ந்தோம்,
இரண்டு பெட்டிச் சாமான்களோடு.
அவன் பெட்டிக்கு மட்டும் பூட்டு இருந்தது.

மதியத்துக்கு மேல் அவர் வந்தார்.
கக்கத்தில் பொம்மை அடுப்பு,
பின்னால் நாலு வயதுப் பையன்.
"காரணம்?"
"மகன்" என்றார்.
அவ்வளவுதான்.
அப்படியே தட்டச்சினேன். கணினி ஏற்கவில்லை.
பொருந்தவில்லை என்று மாற்றினேன்,
உடனே ஏற்றுக்கொண்டது.

பாகங்களைச் சரிபார்க்க வேண்டும், விதி.
பானை இரண்டு. வாணலி. கரண்டி.
அடுப்புக்குள் நிஜக் கோதுமை மாவு,
விரல் பதிந்த இடம் மட்டும் கெட்டியாக.
முட்டை ஒன்று, பிளாஸ்டிக்,
பட்டியலில் இருந்தது. பெட்டியில் இல்லை.

"தியோஃபில், நீ பார்த்தாயா?"
பையன் தலையை ஆட்டினான்.
மூக்கு ஒழுகியது.
இடக்கையால் துடைத்துக்கொண்டான்.
வலக்கை கையுறைக்குள்,
கையுறை ஒரு பக்கம் மட்டும் புடைத்து.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
தரையில் ஒட்டிய அம்புக்குறியைப் பார்த்தான்,
நீல வரிசைக்கு வழி காட்டும் அம்பு.

அனைத்தும் சரி என்றேன்.
முத்திரை குத்திக் கையெழுத்திட்டேன்.
அதே பணத்துக்கு ஒரு துளைப்பான் வாங்கினார்,
பேட்டரி தனி.
கடைக்குள்ளேயே இயக்கிக் காட்டினார்,
ட்ர்ர்ர் என்று, மகனின் காதருகே.
நல்ல அப்பாதான்.
மகன் தொப்பியைச் சரிசெய்தபோது
அந்தக் கை என்னவோ செய்ய நினைத்தது,
கன்னத்தருகே போய்த் திரும்பியது.

கண்ணாடிக்கு வெளியே
டிராலி பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.
துளைப்பான் பெட்டி தகப்பனிடம்.
பையன் வலக்கையை
மேல்கோட்டுக்குள் செருகியிருந்தான்,
சூடு போய்விடக் கூடாத ஒன்றைப்
பிடித்திருப்பவன்போல.

கடை மூடும் நேரம் மேற்பார்வையாளர் ஹால்ஷ்கா
பெட்டியைத் திறந்து எண்ணினாள்.
"போக்னா, ஒரு முட்டை குறைகிறதே?"

"சமைத்துவிட்டார்கள்" என்றேன்.