மலைக்குள் வீசிய காற்று

ஸ்பிளிட் நகரம். பிப்ரவரி. இரவு இரண்டே கால்.
வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் வைக்கிறேன்.
ஒன்று பாக் தீவுக்கு மேற்கே, வெறும் கடலில்.
மற்றது வெலெபித் மலைக்கு அப்பால், லிக்கா சமவெளியில்.
நடுவே ஒரு நேர்கோடு.
அந்தக் கோட்டின்மேல் கத்தியை இறக்கி
மென்பொருள் வானத்தை அறுக்கிறது,
அலைமட்டத்திலிருந்து
பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை.

இதுவரை பருந்தின் பார்வை.
இனி, அறுத்த வெங்காயத்தைப்
பக்கவாட்டில் பார்ப்பது.

முதல் படம் தவறு.
மலையைக் காணோம்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர் சுண்ணாம்புப் பாறை
நிற்கவேண்டிய இடத்தில்
காற்றம்புகள், நொடிக்கு ஏழு மீட்டர்,
கூச்சமே இல்லாமல்
வலமிருந்து இடமாகப் போகின்றன.
தரவுக்கு நிலம் தெரியாது.
தொள்ளாயிரம் ஹெக்டாபாஸ்கலில் என்ன என்று கேட்டால்
பாறையின் வயிற்றுக்குள்ளும்
ஓர் எண் சொல்லும்,
தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்களைப் போல.

நிலமட்ட அழுத்தத்தைச் சேர்த்தேன்.
அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு என்றேன்.
வெலெபித் எழுந்தது,
ஊசி மாதிரி.
எட்டிப் பார்த்த யெர்க்கோ
வாயில் பாலாடைக்கட்டியோடு சொன்னான்:
"இதில் ஆடுகூட நிற்காது."
உண்மைதான்.
நூறு கிலோமீட்டர் அகலத்தை ஒரு திரையில் மடக்கினால்
உயரம் பொய் சொல்லியே ஆகவேண்டும்.
பொய்யின் அளவை ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பிறகு வெப்பக் கோடுகள்.
லிக்காவின்மேல் பாய்போல் படுத்திருந்தவை
மலைமுதுகில் மெல்ல ஏறி
சிகரம் தாண்டியதும்
கைநழுவிய தண்ணீராய்ச் சரிகின்றன.
அடிவாரத்தில், யாரோ அதட்டியதுபோல்,
சட்டென்று நிமிர்ந்து
செங்குத்தாய் நிற்கின்றன.
மதகு திறந்த நீர்
தரையில் மோதி எகிறுமே, அந்த எகிறல்.
இங்கே அதற்கு புரா என்று பெயர்.
வாடை என்றால் போதாது.
வாடை கதவைத் தட்டும்.
இது கதவை எடுத்துக்கொண்டு போகும்.

எகிறல் எங்கே நிற்கிறது?
என் கோடு ஏதோ ஓர் இடத்தில் வைத்த கோடு.
அதைத் தெற்கே நகர்த்தினேன். நான்கு கிலோமீட்டர்,
ஏழு,
பதினொன்று.
பதினொன்றில் அது பாலத்தின்மேல் நின்றது.

மஸ்லெனிட்சா சாலை அலுவலகத்தில் துன்யா எடுத்தாள்.
"இங்கே இலைகூட ஆடவில்லை."
நான்கு மணிக்கு மூடு என்றேன்.
"எதை வைத்து?"
ஒரு கோட்டை வைத்து.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு தடுப்புக் கட்டையை இறக்கச் சொல்லும் குரல்.

நான்கரைக்கு ஒரு லாரிக்காரர்,
ஷிமுன் பாரிசெவிச், உறைந்த மீன் ஏற்றி வந்தவர்,
துன்யாவிடமிருந்து போனைப் பிடுங்கினார்.
நட்சத்திரம் தெரிகிறது, காற்று எங்கே என்றார்.
படத்தை விளக்க முயன்றேன்:
ஊசி, சரிவு, எகிறல், சிவப்பு நிறம்.
பொறுமையாகத்தான் கேட்டார்.
"சரி. அந்தப் படத்தில் என் லாரி எங்கே?"

தேடினேன்.
திரையின் ஒரு புள்ளிக்கு உயரம் பதினைந்து மீட்டர்.
உங்கள் லாரி நாலு மீட்டர் என்றேன்.
கறுப்பு முடிந்து
நிறம் தொடங்கும் விளிம்பில்
ஒரு புள்ளியின் கால்வாசியில் இருக்கிறீர்கள்.
நீங்களும் மீனும், துன்யாவும், பாலமும்.
நானும்தான்.

அவர் சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை.
வண்டிக்குள் தூங்கப் போவதாகச் சொன்னார்.

ஐந்து மணி. பாலத்துக் காற்றுமானி: மூன்று.
ஐந்தரை: நான்கு.
யெர்க்கோ என் முகத்தைப் பார்க்காமல் காப்பி வைத்தான்.
கோட்டை இன்னும் ஒரு கிலோமீட்டர் நகர்த்திப் பார்க்கலாமா
என்று கை பரபரத்தது.
நகர்த்தவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டு: முப்பத்தெட்டு.