ஆ. சாரபூ

தார்த்து நகரம், பிப்ரவரி.
எமயோகி ஆற்றின் மேல்
நடக்கலாமா கூடாதா என்று சொல்லாத தடிமனில் பனி.

பிழை படகுத்துறையிலிருந்து வந்தது.
சாரேமா தீவுக்குப் போகும் படகில்
பதினேழாம் எண் பயணியின் வயது
ஆயிரத்து நானூற்று எண்பது.
வயதில்லை அது, ஒரு காரின் எடை.
கம்பைலர் முணுமுணுக்கக்கூட இல்லை.
வகைகள் யாவும் சரி என்று
கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தது.

அந்தப் பகுதியை எழுதியவள் ஆஸ்தா சாரபூ.
ஆறு வருடம் முன்பு, இருட்டாத ஒரு ஜூன் இரவில்,
'தற்போதைக்கு இது போதும்' என்ற குறிப்புடன்.

நான்கு நாள் வேறெங்கோ தேடினாள்.
நினைவகத்தைச் சந்தேகித்தாள்.
தீவுக்காரர்களின் நிரலைப் பாதிப்பாதியாக வெட்டி
பதினோரு வரிக்குக் கொண்டுவந்தாள்.
பதினோரு வரியிலும் அந்தக் கார்
பயணியின் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது.

'பெயரை மாற்றி எழுதச் சொல்லிவிடேன் அவர்களை'
என்றான் எதிர்மேசை ரைத்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஜாடிக்குள் கைவிட்டு
வெள்ளரி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

இந்தக் கவிதையின் மொழியில் அதற்குப் பெயர் ஊறுகாய்.
ஊறிய காயா, ஊறுகிற காயா, இனி ஊறும் காயா?
காலத்துக்கு இடம் விட்டு
வாயை மூடிக்கொண்ட சொல்.
ஆஸ்தாவுக்கு இது தெரியாது.
அவள் மொழியில் எதிர்காலத்துக்குத் தனி வடிவம் இல்லை;
அவனும் அவளும் ஒரே 'தெமா'.
யாரென்பது பக்கத்துச் சொற்களில் தெரிந்துவிடும்,
பெரும்பாலும்.

ஐந்தாம் நாள், இரவு மூன்று மணிக்கு, கண்டாள்.

ஒரு பொதுவகைக்குள் இன்னொரு பொதுவகை.
வெளியே இருப்பது தன்னை 'டி' என்கிறது.
உள்ளே இருப்பதும் 'டி'.
'டி, இனி நீ கார்' என்று வாசலில் ஒரு குரல்.
உள்ளறையில் இருந்ததும் எழுந்து வந்துவிட்டது.
கூப்பிட்டது தன்னை இல்லை என்று
அதற்கு எப்படித் தெரியும்?

திருத்தம் மூன்றே வரி.
உறையைப் பிரிக்குமுன்
உள்ளே இருப்பதற்குப் புதுப்பெயர் வை,
எவரும் இதுவரை வைத்திராத பெயர்:
டி நாற்பத்தேழு, டி நாற்பத்தெட்டு.
பிறகு கூப்பிடு.

இரண்டாயிரத்து முந்நூறு சோதனைகள் பச்சை.
ஒன்று மட்டும் சிவப்பு.
திறந்து பார்த்தாள்:
அவளே எழுதியது,
தப்பான விடையைச் சரியென்று
ஆறு வருடமாகக் காவல் காத்தது.
அழித்தாள். கொஞ்சம் சிரித்தாள்.

உறை என்றதும்தான்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழிருந்த கடிதம்
நினைவுக்கு வந்தது.
ஆ. சாரபூ, கண் மருத்துவமனை,
இடது கண் புரை, ஒன்பதாம் தேதி காலை எட்டரை.
அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.
மருத்துவமனைக்காரர்கள் உளறுகிறார்கள் என்று
மாட்டி வைத்தது.
இன்று பதினான்கு.

மேல்மாடியில் ஆஹ்தோ சாரபூ.
உறவில்லை. ஒரே படிக்கட்டு, ஒரே தலைப்பெழுத்து.

எட்டு மணிவரை காத்திருந்து தட்டினாள்.
அவர் கடிதத்தை
வலது கண்ணுக்கு மிக அருகில் பிடித்து
ஒவ்வொரு வரியாக நகர்த்தினார்.
'அதுதானே பார்த்தேன்,' என்றார்,
'கடிதமே வரவில்லையே என்று.'
அவளிடம் மன்னிப்புக்கான சொல் இருந்தது.
சொன்னாள்.
அவர் காபி வேண்டுமா என்று கேட்டார்.
வேண்டாம் என்று இறங்கி வந்தாள்.

கீழே தபால் பெட்டிகள்,
அடுத்தடுத்து, ஒரே மாதிரி.
பேனாவை எடுத்து
தன் பெட்டியில் முழுப்பெயரை எழுத ஆரம்பித்தாள்.
குளிரில் மை இறுகி
'ஆஸ்' வரைதான் வந்தது.
உதறிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள்.

ஆஹ்தோவிலிருந்து பிரித்துக் காட்ட
அவ்வளவு போதும்,
தற்போதைக்கு.