அட்டையின் பின்பக்கம்

ஒன்பதாம் வகுப்பில்
அறிவியல் அறைச் சுவரில் நான்கு படங்கள்.
மூன்று தாடி, ஒரு கொண்டை.
கொண்டைக்காரிக்கு மட்டும்
ஆயுத பூஜையன்று பூ வைத்தோம்.
பூ வைத்த படத்தைப் பார்த்தால்
கும்பிடத்தான் தோன்றும்,
வேலைக்குப் போகவா தோன்றும்?

அந்த வருடம் மேட்டூர் திறந்து
இருபது நாளாகியும்
நீர்முளைக்குத் தண்ணீர் வரவில்லை.
கடைமடை.
தண்ணீரும் வரும், டவுன் பஸ்ஸும் வரும்,
எல்லோருக்கும் வந்த பிறகு.

வந்தது ஒரு ஜீப்.
இறங்கினாள் ஒருத்தி,
முழுக்கைச் சட்டை, சேறு அப்பிய பூட்ஸ்.
கழுத்தில் அடையாள அட்டை
பின்பக்கம் திரும்பி
வெறும் வெள்ளை.

அரிச்சந்திரா ஆற்று மதகில்
குப்புறப் படுத்துக்கொண்டு
கயிற்றில் ஒரு குப்பியை இறக்கினாள்.
கயிறு அறுந்தது.
அவள் சொன்ன வார்த்தையை
அதுவரை ஆண்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன்.
சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.

இன்னொரு குப்பி.
மீட்டரை முக்கினாள், எழுதினாள்,
எழுதியதை அடித்தாள்,
மறுபடி முக்கினாள்.
"கிட்டத்தட்டப் போட்டுக்குங்க மேடம்,
சாப்பாட்டு நேரம்" என்றார் டிரைவர்.
அவள் நிமிரவே இல்லை.
"உப்பு கிட்டத்தட்ட ஏறாதுண்ணே."

நடவுக் கூலி பேசும்போது
அம்மாவுக்கு இந்தக் குரல் வரும்.
வீட்டுக்குள் வராது.

என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.
என்னைப் பார்த்தாளா என்பதே தெரியாது.
ஜீப் போனதும் படியிறங்கி
தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.
சாயங்காலம் முழுக்க
அதே எரிச்சல்.

திருவாரூரில் நேர்காணல்.
"உங்களுக்கு முன்மாதிரி யாரும்மா?"
கண்ணுக்குள் வெள்ளை அட்டை ஆடியது.
பேர் தெரியாத ஒருத்தியை
எந்தப் பேர் சொல்லிச் சொல்ல?
கொண்டைக்காரியைச் சொன்னேன்.
மூன்று பேரும் தலையாட்டினார்கள்.
பொய்க்குக் கிடைத்த இடம் என்று
முதல் பருவம் பூராவும் தூக்கம் கெட்டது.

வேலையில் சேர்ந்த வாரமே
பழைய பதிவேடுகளைக் கிளறினேன்.
அந்த ஜூலை, அந்த மதகு.
அடித்து எழுதிய எண் அப்படியே இருந்தது.
பக்கத்தில் கையெழுத்து,
ஒரு சுழி, இழுத்துவிட்ட ஒரு கோடு.
எழுத்து ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

நேற்று வெள்ளையாற்றில்
மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.
பாலத்தில் மூன்று சைக்கிள்கள் நின்றன,
நீலப் பாவாடைகள், இரட்டைப் பின்னல்கள்.
கையாட்டலாமா?
நல்லா படிங்க என்று சொன்னால்
எனக்கே சிரிப்பு வந்துவிடும்.
மீட்டரில் எண் நிலைகொள்ளாமல் ஆடியது.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
ஒரு சைக்கிள் போய்விட்டது.
கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

மூன்றாவதுக்காக
அட்டையை முன்பக்கம் திருப்பிவிட்டேன்.
கடல் காற்று
உடனே அதைப் புரட்டிப் போட்டது.
பிடித்து வைக்கலாம்தான்,
ஒரு கையில் குப்பி,
ஒரு கையில் எண் அப்போதுதான்
நிற்கப் பார்த்தது.